கடிகாரத்தின் மூலபாடம்



பழுது பார்க்கக் கொடுத்த பொருள் பழுது நீங்கித் திரும்புவது இயல்பு. அது புதிய முகத்தோடு திரும்பினால் பழைய பொருள்தானா என்னும் வினா எழுகிறது. ஏட்டுச்சுவடிகளோடு பழகியோர்க்கு இவ்வினா புதிதன்று. ஆயினும் இன்று எடுத்துக்கொண்டது சுவடியன்று. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரத்தார் செய்யும் நாட்காட்டிக் கைக்கடிகாரம். செல்வர் கையில் கிடக்கும் பொருளுக்கு இலக்கிய வட்டத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். பொருள் செல்வருடையது, அதனால் எழும் வழக்கு அனைவருடையது.

தேதி மட்டும் காட்டும் எளிய கடிகாரம் எல்லா மாதங்களையும் 31 நாளாகவே எண்ணும். ஆண்டில் ஐந்து முறை உடையவர் திருகைத் திருப்பித் திருத்த வேண்டும். 'நிரந்தர நாட்காட்டி' எனப்படும் கடிகாரத்துக்கு இத்திருத்தம் வேண்டா. அதன் பழைய அமைப்பில், 48 மாதங்களுக்கு ஒருமுறை சுற்றிவரும் தகடு ஒன்று உண்டு. அதன் விளிம்பில் 31 நாள் மாதத்துக்கு வெட்டில்லை. 30 நாள் மாதத்துக்கு மேலோட்டமான வெட்டு. பிப்ரவரிக்கு ஆழ்ந்த வெட்டு. நான்காண்டுக்கு ஒருமுறை வரும் 29 நாள் பிப்ரவரிக்கு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெட்டு. நெம்புகோல் ஒன்றின் மூக்கு அவ்வெட்டில் இறங்கும் அளவுக்கு ஏற்ப, மாத முடிவில் தேதி தாவிச் செல்லும். நான்காண்டுக் கணக்கு முழுவதும் நாணயத்தினும் சிறிய ஒரு தகட்டின் விளிம்பில் எழுதப்பட்டிருக்கிறது!

இத்தகைய பொருளை மாற்றலாகாது, தொழிற்சாலையிலிருந்து முதல்நாள் வெளிவந்த வடிவமே மூலம் என்பர் ஒரு சாரார். இவர்களுக்கு வரலாறே ஒரு சங்கடத்தை வைத்திருக்கிறது. பட்டேக் பிலிப் நிறுவனம் 1925இல் உருவாக்கிய முதல் நிரந்தர நாட்காட்டிக் கைக்கடிகாரத்தின் பொறி அதற்கெனச் செய்யப்பட்டதன்று. மகளிர் கழுத்தில் தொங்கவிடும் பதக்கக் கடிகாரத்துக்காக 1898இல் செய்யப்பட்டு, விலை போகாமல் கிடந்த பொறி அது. கைக்கடிகாரம் அணியும் வழக்கம் பரவியபின் அதனை எடுத்துப் புதிய கூட்டில் பொருத்தினர். மூலம் என்று இன்று போற்றப்படுவதே ஒரு மாற்றம்! செய்தவரே மாற்றினார் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. உடையவர் விருப்பப்படி மாற்றத் தொழிற்சாலைக்கு உரிமை உண்டு என்போர் பற்றிக்கொள்ளும் கொழுகொம்பும் இதுவே.

பொறியைத் தொடவே கூடாது என்பதும் பேதைமை. பற்சக்கரங்களின் அச்சுமுனைகளில் இட்ட எண்ணெய் ஆண்டுகள் செல்லச் செல்ல உலரும். உலர்ந்தபின்னும் ஓடவிட்டால் உலோகம் உலோகத்தைத் தின்னும். 1839இல் தொடங்கிய தன் வரலாற்றில் செய்த எந்தக் கடிகாரத்தையும் பழுது பார்த்துத் தருவதாகப் பட்டேக் பிலிப் உறுதி கூறுகிறது. தேய்ந்த அச்சை மாற்றுவதைக் குறை கூறுவார் இல்லை.

வழக்கு முகத்தில்தான். அந்நிறுவனத்தின் பழைய டயல்களில் பெயரும் கோடுகளும் வெறும் மையால் அச்சிட்டவை அல்ல. வெள்ளித்தகட்டில் எழுத்தைச் செதுக்கி, பள்ளத்தில் கறுப்பு எனாமலை நிரப்பிச் சூளையில் சுட்டனர். (இவ்வகை டயல்கள் செய்து கொடுத்துவந்த ஸ்டெர்ன் குடும்பத்தார் 1932இல் அந்நிறுவனத்தையே வாங்கினர்.) உருப்பெருக்கிக் கண்ணாடியில் அவ்வெழுத்து சற்றே மேடிட்டுத் தெரியும். பளிச்சென்று ஆக்குகிறோம் என்று டயலைத் துலக்கும்போதெல்லாம் அம்மேடு தேய்கிறது. கூட்டை மெருகிட்டாலும் இதே இழப்பு: வார் பூட்டும் கொம்புகளின் விளிம்பு மழுங்கும், பொன்னின் தரம் கூறும் முத்திரை கரையும். தேய்ந்த பொன்னை எந்தக் கைத்திறனும் திரும்ப வைக்காது. அழுக்கேறிய முகம் காலத்தின் கையெழுத்து; துலக்கிய முகத்தில் துலக்கியவரின் கைதான் தெரிகிறது.

எல்லா மாற்றங்களும் ஒரே தன்மையன அல்ல. ரோலெக்ஸ் நிறுவனம் 1956இல் வெளியிட்ட 'டே-டேட்' கடிகாரம் கிழமையை முழுச் சொல்லாக எழுதிக் காட்டியது. இக்கிழமைத் தட்டு 26 மொழிகளில் கிடைக்கிறது; ஒரு மொழித் தட்டை எடுத்துவிட்டு வேறொன்றை இட்டுக்கொள்ளலாம். (அந்த 26இல் தமிழ் இல்லை என்பதை இந்த அவையில் சொல்லாமல் விட முடியாது.) தன் மொழியில் ஞாயிறும் திங்களும் காண விரும்புபவரை யார் பழிப்பார்? எடுத்த தட்டு பத்திரமாக இருந்தால் மாற்றம் மீளத்தக்கது. தேய்த்த டயலுக்கு அந்த மீட்சி இல்லை.

மூலத்தைக் காப்பதே அறம் என்று எங்கும் வாதிடவும் இயலாது. 1945இல் வந்த 'டேட்ஜஸ்ட்' கடிகாரத்தின் தொடக்க வகைகளுள் பலவற்றில், இருளில் ஒளிர ரேடியம் கலந்த பூச்சு இருந்தது. அத்தகைய பூச்சைத் தீட்டிய அமெரிக்கப் பெண்கள் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கினர். தாடை எலும்பு சிதைந்து மாண்டனர் பலர். நியூஜெர்சிப் பெண்கள் ஐவர் தொடுத்த வழக்கு 1928இல் இழப்பீட்டில் முடிந்தது. ரேடியத்தின் அரையாயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ஒளி மங்கியதற்குக் காரணம் உடனிருந்த துத்தநாக சல்பைடு நலிந்ததே. ரேடியம் அப்படியே இருக்கிறது. பழுது பார்ப்போர் அந்த டயலை அகற்றிப் புதியதை வைப்பதைக் குற்றம் என்பது எளிதன்று.

சந்தை தன் தீர்ப்பைப் பணத்தால் எழுதுகிறது. பட்டேக் பிலிப் 1941இல் அறிமுகப்படுத்திய 1518 எண் வகையில் பெரும்பாலானவை பொற்கூடு உடையவை; எஃகுக் கூட்டில் அறியப்படுபவை நான்கே. அவற்றுள் ஒன்று 2016இல் ஜெனீவா ஏலத்தில் 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் விலை போனது. பொன்னை எஃகு வென்ற கதை! அரிதான தன்மையோடு, மாறாத தன்மைக்கும் சேர்த்தே அவ்விலை. எனினும் விலையை வைத்து மூலத்தைப் போற்றுவது, பரிசுத்தொகையை வைத்துக் கவிதையை மதிப்பதற்கு ஒப்பாகும்.

வேறு அளவுகோல் வேண்டும். நல்ல பதிப்பாசிரியர் பாடத்தைத் திருத்தாதவர் அல்லர்; திருத்திய இடத்தில் பழைய பாடத்தையும் அடிக்குறிப்பில் தருபவர். கடிகாரத்துக்கும் அந்த நேர்மை போதும். எந்த உலோகக் கூட்டோடு, எந்த டயலோடு முதலில் விற்கப்பட்டது என்பதைப் பட்டேக் பிலிப் தன் பழம்பதிவேட்டிலிருந்து எழுதித் தருகிறது, அது மூலபாடம். கழற்றிய டயலும் முள்ளும் உறையிலிடப்பட்டு உடையவரிடம் திரும்பினால் அது பாடபேதம். கழற்றியவற்றைத் திருப்பித் தராத வழக்கமும் இத்தொழிலில் உண்டு. அங்கேதான் குற்றம் பிறக்கிறது. மாற்றியதைவிட மறைத்ததே பெரும்பிழை. ஆகவே "டயலைத் துலக்க வேண்டா, கூட்டை மெருகிட வேண்டா, கழற்றிய உறுப்புகளைத் தருக" என்று பழுதுபார்ப்புச் சீட்டில் முன்கூட்டியே எழுதுவிப்பது உடையவர் கடன்.

இக்கடிகாரங்களுக்கு இன்னொரு நாள் காத்திருக்கிறது. 2100ஆம் ஆண்டு நான்கால் வகுபடும். ஆயினும் கிரிகோரியன் கணக்கில் அது லீப் ஆண்டன்று. 48 மாதத் தகடு இதனை அறியாது. அவ்வாண்டு பிப்ரவரி 28 கழிந்த நள்ளிரவில் அது 29 என்றே காட்டும். மார்ச் முதல்நாள் காலையில் யாரோ ஒருவர், கூட்டின் பக்கவாட்டிலுள்ள சிறு பொத்தானை ஊசிபோன்ற கருவியால் அழுத்தி, பிழைபட்ட அந்த ஒரு நாளைத் தள்ளிவிட வேண்டியிருக்கும்.