கல்லும் நிலமும்



மணிமுத்தாற்றங்கரையில் விளங்கும் விருத்தாசலத்தைத் திருமுதுகுன்றம் என்று நம் முன்னோர் அழைத்தனர். இன்று அவ்வூரின் பெயரைக் கேட்டதும் பலருக்கும் நினைவில் எழுவது பீங்கான் தொழில். அங்கே 1,000 டிகிரிக்கு மேல் கனலும் சூளைகளில் களிமண் வெந்து, கிண்ணமாகவும் பொம்மையாகவும் வெளிவருகிறது. நெருப்பு அங்கே சொன்ன வேலையைச் செய்யும் பணியாள். ஆனால் எந்த ஊரிலும் நெருப்பு தன் எல்லையை மீறும் நாள் ஒன்று வரலாம். அன்று எல்லோரும் வெளியே ஓட, உள்ளே நுழைபவர் தீயணைப்பு வீரர். கள்வருக்கு அஞ்சி ஊர் கதவடைக்கும்போது தெருவில் இறங்குபவர் காவலர். அப்படிச் சென்றவர் திரும்பி வராவிட்டால், அவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? இதுவே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இந்தக் கேள்வி நமக்குப் புதியதன்று. ஆநிரை மீட்கப் போராடி வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு வழிபட்டது தமிழர் மரபு. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்கள் தமிழி எழுத்தில் அமைந்தவை. செங்கம் வட்டாரத்திலோ பல்லவர் காலத்து நடுகற்கள் பல உள்ளன.

நம் முன்னோர் கல்லோடு நின்றுவிடவில்லை என்பதே இங்கு நாம் கருத வேண்டியது. வீழ்ந்தவனின் சுற்றத்தார்க்கு நிலம் அளித்த செய்திகளையும் கல்வெட்டுகளில் காண்கிறோம். அந்நிலத்திற்கு நெய்த்தோர்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் பெயர். நெய்த்தோர் என்றால் குருதி. குருதிக்கு ஈடாகத் தந்த நிலம் என்பது பொருள். கல் புகழைக் காத்தது; நிலம் பிள்ளைகளைக் காத்தது. இரண்டும் சேர்ந்தால்தான் நன்றி நிறைவுறும் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

நிற்க. நம் காலத்துக்கு வருவோம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில், பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றிவந்த ஃபோர்ட் ஸ்டிக்கீன் என்ற கப்பல் தீப்பற்றி வெடித்தது. தீயை அணைக்கச் சென்ற 66 வீரர்கள் மாண்டனர். அந்நாளையே ஆண்டுதோறும் தீயணைப்புத் துறையினர் நீத்தார் நினைவு நாளாகப் போற்றுகின்றனர். 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரால் காவலர் பத்துப் பேர் கொல்லப்பட்டனர். அந்நாள் காவலர் வீரவணக்க நாள் ஆயிற்று. தில்லியில் தேசியக் காவலர் நினைவகம் 2018-இல் திறக்கப்பட்டது. ஆக, கல் நட்டுவிட்டோம். நிலம் என்ன ஆயிற்று?

தமிழ்நாட்டு நிகழ்ச்சிகள் சிலவற்றைப் பாருங்கள். 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு தீபாவளி இரவில், மதுரை விளக்குத்தூண் அருகே துணிக்கடையில் பற்றிய தீயை அணைக்கச் சென்ற வீரர் இருவர், கட்டடம் இடிந்து உயிரிழந்தனர். 2021 நவம்பர் 21 அன்று நவல்பட்டுச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடியவர்களைத் துரத்திச் சென்று வெட்டுண்டு இறந்தார். ஆநிரை மீட்டு வீழ்ந்தவனின் கதை நம் கண்முன்னே மீண்டும் நிகழ்ந்தது! வில்சன், பூமிநாதன் ஆகியோர் குடும்பங்களுக்குத் தலா 1 கோடி ரூபாயை அரசு அறிவித்தது. பூமிநாதனின் குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவிக்கப்பட்டது.

இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. நாடே பேசிய மரணத்துக்குப் பெருந்தொகை அறிவிக்கப்படுகிறது. செய்தித்தாளின் ஒரு மூலையில் நான்கு வரியோடு முடிந்துபோன மரணத்துக்கு? அறிவிப்பால் வரும் உதவி ஆளுக்கு ஆள் வேறுபடலாம். விதியால் வரும் உதவி வேறுபடாது. அறிவிப்புக்காகக் குடும்பம் காத்திருக்க வேண்டும். விதியைக் காட்டிக் கேட்கலாம். அருளுக்கும் உரிமைக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

அமெரிக்க நாட்டில் 1976-இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றினர். பணியில் உயிர்நீத்த காவலரின் குடும்பத்துக்கும் தீயணைப்பு வீரரின் குடும்பத்துக்கும் ஒரே தொகை என அது வகுத்தது. தொடக்கத்தில் 50,000 டாலராக இருந்த அத்தொகை, பின்னர் விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் உயருமாறு அமைக்கப்பட்டு, இன்று 4 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளின் உயர்கல்விக்கும் தனியே உதவி உண்டு.

நம்மிடமும் விதிகள் இல்லாமல் இல்லை. கருணை அடிப்படையிலான பணி நியமனம் அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டில் இதற்கு இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தந்தை இறக்கும்போது மகளுக்கு எட்டு வயது. தாயோ நோயாளி அல்லது எழுத்தறியாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 3 ஆண்டுகள் யாருக்குப் பயன்படும்? ‘கருணை’ என்ற சொல்லையும் சற்று எண்ணிப் பாருங்கள். உயிரைக் கொடுத்தவரின் வீட்டார் கருணையை வேண்டி நிற்பதா? உதிரப்பட்டி பெற்ற குடும்பம் தலைநிமிர்ந்தே அந்நிலத்தை உழுதிருக்கும்.

மாணவர்களாகிய நீங்கள் இதற்கு என்ன செய்ய முடியும்? உங்கள் தெருவில் அப்படியொரு குடும்பம் இருந்தால், வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் கோரும் விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். 3 ஆண்டுக் கெடுவை நினைவூட்டுங்கள். உங்கள் வகுப்பில் அவ்வீட்டுப் பிள்ளை படித்தால், இரக்கப் பார்வை பார்க்காமல் தோழமையோடு பழகுங்கள். நாளை உங்களுள் சிலர் சட்டமன்றத்திலும் அரசு அலுவலகங்களிலும் அமர்வீர்கள். அன்று அந்த விதியைத் திருத்தி எழுதும் பேனா உங்கள் கையில் இருக்கும்.

கல் நடுவதற்கு ஒரு நாள் போதும். வீழ்ந்தவரின் பிள்ளை படித்து ஆளாவதற்கு இருபது ஆண்டுகள் வேண்டும். அந்த இருபது ஆண்டுகளும் உடன் நிற்பதே நாம் செலுத்த வேண்டிய நன்றி.