முகங்கள் பொய் சொன்ன படம்

இன்று நாம் பேசப்போவது 'ஷ்பியோனே', அதாவது 'உளவாளிகள்'. ஃபிரிட்ஸ் லாங் இயக்கி, 1928 மார்ச் 22 அன்று பெர்லினில் வெளியான பேசாப் படம்.

முந்தைய ஆண்டு வெளியான லாங்கின் 'மெட்ரோபோலிஸ்', ஊஃபா திரைப்பட நிறுவனத்துக்குப் பெரும் நட்டம். இம்முறை கையைச் சுருக்க வேண்டியதாயிற்று. பிரம்மாண்ட அரங்குகள் போய், வெற்றுச் சுவர், ஒரு மேசை, ஒரு முகம் என்று காட்சிகள் அமைந்தன. படத்தின் பலமே அதுதான் என்பேன். ஆளுக்கு ஆள் வேடம் போடும் கதைக்கு முகம்தானே முக்கியம்!

வில்லன் ஹாகி, ஊரார் கண்ணுக்குச் சக்கர நாற்காலியில் முடங்கிய வங்கி அதிபர். உண்மையில் உளவுக் கும்பலின் தலைவன். கால்களில் எந்தக் குறையும் இல்லை. நேமோ என்ற மேடைக் கோமாளியும் அவனே. ருடால்ஃப் கிளைன்-ரோகே நடித்திருக்கிறார். அவனைத் துரத்தும் அரசாங்க உளவாளிக்குப் பெயர் கிடையாது, 326 என்ற எண் மட்டும்தான். எண்ணால் அறியப்படும் இன்னொரு உளவாளியான ஜேம்ஸ் பாண்டின் முதல் நாவல் வந்தது 1953இல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

என்னை உலுக்கியது மட்சுமோட்டோவின் கதை. இந்த ஜப்பானிய அதிகாரி ஒரு ரகசிய ஒப்பந்தத்தைக் காக்க மூன்று தூதர்களிடம் உறைகளைக் கொடுத்தனுப்புகிறார். மூவரும் கொல்லப்படுகிறார்கள். ஹாகி பிரித்துப் பார்த்தால் உள்ளே பழைய செய்தித்தாள்! அசல் மட்சுமோட்டோவிடமே இருக்கிறது. ஆனால் மழையில் நனைந்து நின்ற ஓர் ஏழைப் பெண்ணுக்கு இரங்கி அவர் வீட்டில் இடம் கொடுத்திருக்கிறார். அவள் ஹாகி அனுப்பிய கிட்டி. ஒப்பந்தம் பறிபோகிறது, அவர் தன் உயிரையே மாய்த்துக்கொள்கிறார். அத்தனை எச்சரிக்கையான மனிதரை வீழ்த்தியது அவருடைய இரக்கம்தான்.

இதெல்லாம் வெறும் கற்பனையல்ல. 1927 மே மாதம் லண்டனில் ஆர்கோஸ் என்ற சோவியத் வணிக நிறுவனத்தில் உளவுச் சந்தேகத்தின் பேரில் போலீஸ் நடத்திய சோதனை ஐரோப்பாவையே பரபரப்பாக்கியது. கதைக்கான பொறி அதுவே. படத்தில் நாட்டின் ரகசியங்களை விற்கும் ராணுவ அதிகாரி, 1913இல் பிடிபட்ட ஆஸ்திரிய கர்னல் ரெட்லை அப்படியே நினைவூட்டுகிறார். கதையை எழுதியவர் லாங்கின் மனைவி தியா ஃபான் ஹார்போ.

முடிவில் சுற்றிவளைக்கப்பட்ட ஹாகி, கோமாளி வேடத்திலேயே மேடையில் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். அதையும் நடிப்பென்று நம்பிக் கூட்டம் கைதட்டுகிறது.

வெளிநாடுகளுக்காக வெட்டிச் சுருக்கிய பிரதிகளும் உலவுகின்றன. அவற்றைப் பார்த்துப் படத்தை எடைபோட்டுவிடாதீர்கள். முர்னாவ் அறக்கட்டளை மீட்டெடுத்த, ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பதிப்பைத் தேடிப் பாருங்கள்.