நிரூபணம் என்னும் பொதுவழி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பள்ளியில் கணிதத்தில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகள் சிலர், இளங்கலை முதலாண்டில் 'பகுப்பாய்வு' என்னும் பாடத்தின்முன் திகைத்து நிற்கின்றனர். "இது நமக்கு வாராது" என முடிவுகட்டி, வேறு துறை நாடுவாரும் உளர். அம்முடிவு தவறு என எடுத்துரைக்கவே இன்று இம்மேடையில் நிற்கின்றேன்.

பள்ளிக் கணக்கு பெரும்பாலும் விடையைக் கேட்கின்றது. பல்கலைக்கழகக் கணிதமோ, அவ்விடை ஏன் உண்மை என நிறுவுமாறு கேட்கின்றது. மாறியது கேள்வியே, மாணவனின் அறிவு குறைந்துவிடவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 1, 1/2, 1/3, 1/4 எனச் செல்லும் தொடர்முறையின் எல்லை பூச்சியம். "குறைந்துகொண்டே போகின்றதே" என்பது நிரூபணமாகாது. 2, 3/2, 4/3, 5/4 என்பதும் குறைந்துகொண்டே போகின்றது; அதன் எல்லையோ 1. ஆகவே, எதிரிலிருப்பவர் எவ்வளவு சிறிய மிகை எண்ணைக் கூறினும், ஓரிடத்திற்குப் பின் வரும் உறுப்புகள் யாவும் அதனினும் சிறியவை எனக் காட்டவேண்டும். அவர் 1/100 என்றால், நூறாம் உறுப்புக்கு அப்பால் காட்டுகின்றோம். 1/1000 என்றால், ஆயிரமாம் உறுப்புக்கு அப்பால். அவர் கூறும் அவ்வெண்ணே மாணவர்களை அச்சுறுத்தும் எப்சிலான்!

முதலில் அவர் எண். பிறகே நம் இடம். இவ்வரிசை மாறினால் பொருளே மாறிவிடும். 'ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு' என்பதும், 'எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி உண்டு' என்பதும் ஒன்றாகுமா?

இவ்வறிவு எவருக்கும் பிறவியிலேயே வாய்த்ததன்று. லைப்னிட்ஸ் நுண்கணிதத்தை வெளியிட்டது 1684இல். கோஷி எல்லைக் கருத்தை அடிப்படையாக்கி நூல் செய்தது 1821இல். அதன்பின்னும் வயர்ஸ்டிராஸ் அதனைச் செம்மைப்படுத்த வேண்டியிருந்தது. 1913இல் சென்னைத் துறைமுக எழுத்தராயிருந்த இராமானுஜனிடமும் நிரூபணங்களைக் கேட்டே ஹார்டி மறுமொழி எழுதினார். உலக மேதைகளே நெடுங்காலம் முயன்று கண்டதை, முதல் தலைமுறை மாணவன் முதல் மாதத்திலேயே உணரவில்லை என்றால் அதில் இழிவென்ன?

இக்கல்வி நமக்குத் தொலைவிலும் இல்லை. இலயோலாக் கல்லூரியில் அருட்தந்தை ரசீனிடம் பயின்ற சி. எஸ். சேஷாத்ரி, 1989இல் தியாகராய நகரில் தொடங்கிய கணிதப் பள்ளியே, இன்று சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனமாக வளர்ந்துள்ளது. 1998 முதல் அங்கு இளங்கலை வகுப்பும் உண்டு. நுழைவுத் தேர்வெழுதிச் சேரலாம். 1962இல் தொடங்கப்பட்ட கணித அறிவியல் நிறுவனம் அடையாற்றை அடுத்த தரமணியில் இயங்கி வருகின்றது.

மாணவர்களே! ஒவ்வொரு வரையறையையும் சொந்தத் தமிழில் எழுதிப் பாருங்கள். அதற்குப் பொருந்துவது ஒன்று, பொருந்தாதது ஒன்று தேடுங்கள். நிரூபணத்தை நூலை மூடிவைத்து நண்பனுக்கு விளக்குங்கள். தடைப்படும் இடமே நீங்கள் மீண்டும் கற்கவேண்டிய இடம். இதற்கென ஞாயிறுதோறும் இக்கழகக் கட்டடத்தில் ஓர் அறையும், ஒரு கரும்பலகையும், மூத்த மாணவர் ஒருவரும் கிடைக்கச் செய்யுமாறு பொறுப்பாளர்களை வேண்டுகின்றேன்.

வகுப்பறையில் ஆளைப் பார்த்து மதிப்பிடுவோர் இருக்கலாம். நிரூபணம் ஆளைப் பார்ப்பதில்லை. படிகள் சரியா என்று மட்டுமே பார்க்கின்றது. சரியாயின், பேராசிரியரும் மறுக்க இயலாது. அப்பொதுவழியில் நம் பிள்ளைகள் தலைநிமிர்ந்து நடக்கட்டும்.