அடிநரம்பும் அலைவாய்க்கரையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



கவிதை பேசும் அவையில் பேஸ் கிதாரைப் பற்றிய உரையா எனச் சிலர் வியக்கக்கூடும். நெய்தல் நிலத்திற்குக் கருப்பொருள் வகுத்த இலக்கணிகள் மீனையும் உப்பையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. மீன்கோட்பறையையும் விளரி யாழையும் உடன் வைத்தனர். ஒரு நிலத்து மக்கள் எதை உண்கின்றனர் என்பதைப் போலவே எதை வாசிக்கின்றனர் என்பதும் அந்நிலத்தின் இலக்கணமாகக் கருதப்பட்டது. எனவே, இன்றைய நெய்தல் நிலத்தில் ஓர் இளைஞர் கையில் எடுக்கும் கருவியைப் பற்றி எண்ணுவது தமிழ் மரபுக்குப் புறம்பானதன்று.

அந்நிலத்திற்கு எடுத்துக்காட்டாகப் பழவேற்காட்டைக் கொள்வோம். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையைத் தழுவிக் கிடக்கும் இவ்வேரி, சிலிக்காவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. 1613 இல் டச்சுக்காரர் கோட்டை எழுப்பிய இடம். ஒருபுறம் ஏரி, மறுபுறம் வங்கக்கடல், இடையே மீனவர் குப்பங்கள். இத்தகைய கரையில் ஓர் இசைக்குழு தொடங்க விரும்பும் இளைஞர்களுள் பாடுவதற்குப் பலர் முன்வருவர். கிதாருக்கும் கீபோர்டுக்கும் போட்டி இருக்கும். பேஸ் கிதாரை எடுக்க மட்டும் எவரும் எளிதில் முன்வருவதில்லை. 'அது காதில் விழாத வாத்தியம்' என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் பிழையானது என்பதே இவ்வுரையின் கருத்து.

பழந்தமிழிசை குரலின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக்கியது. தாழ்ந்த ஒலிக்கு மெலிவு என்று பெயர். பெயர்தான் மெலிவு, பணியோ தாங்குதல். கடற்கரையில் வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டை நோக்குக. ஒருவர் அடியெடுத்துப் பாடுகிறார். ஏனையோர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறி இழுக்கின்றனர். அடியெடுப்பவரின் பாட்டு வளைந்தும் நெளிந்தும் செல்லும். பின்பாட்டோ மாறுவதில்லை. ஆனால் வலையைக் கரைக்குக் கொண்டுவருவது அந்த மாறாத பின்பாட்டே. பேஸ் கிதாரின் பணியும் அதுவே.

லியோ ஃபென்டர் என்பவர் 1951 இல் அமெரிக்காவில் சந்தைக்குக் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்' என்னும் கருவியே இவ்வகையை உலகெங்கும் பரப்பியது. நரம்புகள் நான்கு: தாழ்ந்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி. அடிநரம்பு நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சாதாரண கிதாரின் அடிநரம்பு அதைப்போல் இருமடங்கு, அதாவது 82 முறை அதிர்கிறது. தாழ்ந்த ஒலியைக் காது குறைவாகவே உணர்கிறது. நெஞ்சும் தரையும் அதை வாங்கிக்கொள்கின்றன. எனவேதான் அது 'கேட்பதில்லை'.

கேட்காத ஒலி எதைச் செய்கிறது? மேலே பாடகர் ஒரே சுரத்தை நீட்டி நிற்கட்டும். கீழே பேஸ் வேறொரு சுரத்திற்கு இறங்கினால், மகிழ்ச்சியாக இருந்த அதே சுரம் ஏக்கமாக மாறிவிடும். நரம்புகளுக்குள் இணை, கிளை, நட்பு, பகை என உறவு கண்ட மரபுக்கு இது புதிய செய்தியன்று. மேலுள்ள சுரத்திற்கு யார் உறவு, யார் பகை என்பதைக் கீழுள்ளவரே முடிவு செய்கிறார். 1976 இல் 'அன்னக்கிளி' வழியே வந்த இளையராஜாவின் பாடல்கள் பலவற்றில் பேஸ் கிதார் தனியொரு மெட்டாகவே நடந்துசெல்வதைச் செவிகொடுத்தால் அறியலாம். அவர் குழுவில் அதை வாசித்த சசிதரனின் பெயரும், ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸின் பெயரும் பாடல்களை அறிந்த அளவிற்கு மக்களால் அறியப்படவில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். குப்பத்தில் ஒரு கருவி வாங்குவது என்பது பெரும்பாலும் கடனோடு தொடர்புடைய செய்தி. தவறாக வாங்கினால் இசையோடு வீட்டுக் கணக்கும் கெடும்.

தொடக்கத்தில் நான்கு நரம்புக் கருவியே போதும். ஐந்து, ஆறு நரம்புகள் பின்னர் ஆகட்டும். வழக்கமான பேஸின் நரம்பு நீளம் 34 அங்குலம். கை சிறியதாயின் 30 அங்குல நீளமுள்ள கருவியும் கிடைக்கிறது. அதை வாங்குவதில் இழிவொன்றுமில்லை. பழைய கருவியை வாங்குவோர் பளபளப்பைப் பாராமல் கழுத்தைப் பார்க்க வேண்டும். முதல் கட்டையிலும் கடைசிக் கட்டையிலும் நரம்பை ஒருசேர அழுத்தி, நடுவில் உள்ள இடைவெளியை நோக்குக. மெல்லிய அட்டை நுழையும் அளவே நன்று. அதனினும் மிகுந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. கழுத்தினுள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகி அதைச் சரிசெய்யலாம். ஆயின் ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகலாகாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் மாறும் என்பதால், மழைக்காலம் முடிந்தபின் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

கடற்கரையில் கருவிக்கு முதற்பகை உப்புக்காற்று. படகின் இயந்திரத்தை அரிக்கும் அதே காற்று நரம்பையும் அரிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு நரம்பையும் மேலும் கீழும் துடைக்க வேண்டும். வலையை அலசாமல் மூட்டை கட்டும் மீனவர் உண்டோ? அதே ஒழுங்கு இதற்கும் வேண்டும். பாலத்தின் சிறு திருகுகளில் தையல் இயந்திர எண்ணெயைத் துணியால் தொட்டுத் தடவினால் துரு பிடிப்பது குறையும். சுவரில் திறந்து மாட்டுவதைவிட உறைக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைப்பதே தக்கது. தட்டையாகச் சுற்றப்பட்ட நரம்புகள் ஒலியில் சற்று மங்கலாயினும் நெடுநாள் உழைப்பவை. அடிக்கடி நரம்பு மாற்ற இயலாதவர்க்கு அவை ஏற்றவை.

அடுத்தது ஒலிபெருக்கி. தாழ்ந்த ஒலியை எழுப்ப மிகுந்த ஆற்றல் தேவை. சாதாரண கிதாருக்குரிய சிறிய பெட்டியில் பேஸை இணைத்து உரக்க வாசித்தால் அதன் ஒலிவாய் கிழிந்துவிடலாம். திருவிழாக் கம்பங்களில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியோ மனிதக் குரலுக்கென அமைந்தது; தாழ்ந்த ஒலியைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதில் பேஸைத் தேடிக் கைவலிக்க வாசிப்பது வீண். வெட்டவெளியில் ஒலியைத் திருப்பியனுப்பச் சுவர் இல்லாமையால், அறையில் போதுமாயிருந்த பெட்டி கடற்கரையில் போதாது. பெட்டியை உயரத்தில் வைக்காமல் பலகை விரித்துத் தரையோடு வைப்பதும், பின்னால் சுவர் இருக்குமாயின் அதனை ஒட்டி வைப்பதும் தாழ்ந்த ஒலிக்கு வலுச்சேர்க்கும்.

இதனினும் முதன்மையானது உயிர்ப் பாதுகாப்பு. ஜெனரேட்டரில் நிலத்தொடர்பு இல்லாமல் ஒலியமைத்து, ஈரமணலில் வெறுங்காலோடு நின்று, ஒரு கை நரம்பிலும் உதடு மைக்கிலும் பட்டால் மின்சாரம் உடலை வழியாகக் கொள்ளும். நிலத்தொடர்பும், கசிவு கண்டு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியும் இருக்கின்றனவா என மின்பணியாளரைக் கேட்டறிந்த பின்னரே மேடையேற வேண்டும். உலர்ந்த பலகைமேல் செருப்போடு நிற்பது கூடுதல் காப்பு. கலையார்வம் இதை மறக்கச் செய்யலாகாது.

வாசிப்பு முறைக்கு வருவோம். வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இரு கால்கள் நடப்பதுபோல் மாறிமாறி மீட்ட வேண்டும். இடக்கை விரல் கட்டைமேல் அன்று, கட்டைக்குச் சற்றுப் பின்னே அழுத்த வேண்டும். அப்போது குறைந்த வலிமையே போதும். மணிக்கட்டு மடியாதவாறு தோள்வாரை அமைத்துக்கொள்க. மேடை அழகுக்காகக் கருவியை முழங்கால்வரை தொங்கவிடுவோர் சில ஆண்டுகளில் கைவலிக்கு ஆளாவதுண்டு. வலி கண்டால் நிறுத்துக. வலியைப் பொறுத்து வாசிப்பது வீரமன்று.

மீட்டுவதில் பாதிதான் கலை. மற்றப் பாதி நிறுத்துவதில் இருக்கிறது. வாசிக்காத நரம்புகள் தாமாகவே அதிர்ந்து ஒலியைக் கலக்கும். அவற்றை வலக்கைப் பெருவிரலாலும் இடக்கை விரல்களாலும் தொட்டு அடக்க வேண்டும். ஒரு சுரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே முடிகிறது என்பதும் பாட்டின் நடையை அமைக்கிறது. நிமிடத்திற்கு 60 தட்டு என மெட்ரோனோமை வைத்து, ஒரே சுரத்தைத் தட்டோடு பொருத்தி வாசித்துப் பழகுக. எளிதாகத் தோன்றும் இப்பயிற்சியே கடினமானது.

குழுவில் பேஸ் வாசிப்பவர் முதலில் நோக்க வேண்டியது பாடகரை அன்று, தாளக்காரரை. டிரம்ஸில் காலால் அடிக்கும் பெரிய முரசின் அடியோடு பேஸ் சேர்ந்து விழ வேண்டும். பறையோடு வாசிப்பதாயின், குட்டையான அடிக்குச்சியின் கனத்த ஒலியோடு பேஸ் நடக்கட்டும். நெடிய சிண்டுக்குச்சி தன் போக்கில் பேசட்டும். கானாவையும் பறையையும் பேஸ் கிதாரையும் ஒரே மேடையில் நிறுத்த முடியும் என்பதைப் பா. இரஞ்சித்தின் முன்முயற்சியில் உருவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 சனவரியில் சென்னையில் காட்டியது. வடசென்னையின் கடற்கரைக்கும் பழவேற்காட்டிற்கும் தொலைவு அதிகமில்லை.

குழு உடைவது பெரும்பாலும் திறமைக் குறைவால் அன்று, இடம் விடாமையால். எல்லாரும் எல்லா நேரமும் வாசித்தால் எவர் வாசிப்பதும் கேளாது. இதற்குப் பாடம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. பழவேற்காட்டு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களில் வழங்கிவரும் 'பாடு' முறையில், இறால் கிடைக்கும் இடங்களைத் தலைக்கட்டுகள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இன்று ஒருவர் முறையானால் மற்றவர் அவ்விடத்தில் வலை வைப்பதில்லை. பாடகர் பாடும்போது பேஸ் சிக்கனமாக நிற்பதும், பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் இரண்டு சுரம் நடப்பதும் இத்தகைய பாடுதான்.

அம்முறையின் குறையையும் மறைக்கலாகாது. உரிமை பரம்பரையாக வருவதால் அதற்கு வெளியே நிற்போரும் அதே ஏரியில் உளர். வலையின்றிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை நினைவுகொள்க. இசைக்குழு பகிர்வைக் கற்கட்டும். விலக்குவதைக் கற்க வேண்டா. பேஸ் ஆண்களின் கருவி என்னும் எண்ணமும் அத்தகைய விலக்கே. அமெரிக்காவின் கேரல் கேயும் மும்பையின் மோகினி டேயும் அதனைப் பொய்யாக்கிவிட்டனர்.

நிறைவாக ஒருவரைச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் ஜேமர்சன் 1936 இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் எடிஸ்டோ என்னும் கடற்கரைத் தீவில் பிறந்தவர்; கறுப்பினத்தவர். டெட்ராய்ட் நகரில் மோடவுன் நிறுவனத்தின் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றுக்குப் பேஸ் வாசித்தவர். வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டினார். நரம்பு அறுந்தாலன்றி மாற்றமாட்டார் என்பர். உலகமே அவர் வாசிப்புக்கு ஆடியது. ஆனால் இசைத்தட்டின் உறைகளில் 1971 வரை அவர் பெயர் இல்லை. 1983 இல் அந்நிறுவனம் வெள்ளிவிழாக் கொண்டாடியபோது அவர் மேடைக்கு அழைக்கப்படவில்லை. சீட்டு வாங்கி, பார்வையாளருள் ஒருவராக அமர்ந்திருந்தார். அதே ஆண்டு மறைந்தார்.

தாங்குதல் என்பது மறைந்துபோவதற்கு ஒப்புதல் அளிப்பதாகிவிடக் கூடாது. ஆகவே, குழு அமைக்கும் இளைஞர்களுக்கு ஓர் அறிவுரை: மேடையில் பெயர் சொல்லும்போது பேஸ் வாசிப்பவரின் பெயரையும் சொல்லுங்கள், வருவாயைப் பங்கிடும்போது அவருக்குரிய பங்கைக் குறையாமல் கொடுங்கள்.

தமிழில் 'பாடு' என்னும் ஒரே சொல் பாடச் சொல்கிறது. உழைப்பின் துன்பத்தையும் குறிக்கிறது. பழவேற்காட்டில் மீனவரின் முறையையும் உணர்த்துகிறது. ஒரு கவிதையிலும் நினைவில் நிற்கும் வரிக்குக் கீழே அதனைத் தாங்கும் எளிய வரிகள் உண்டு. ஓர் இலக்கிய வட்டத்திலும் கவிதை வாசிப்போருக்குப் பின்னால் நாற்காலி போட்டோரும் அழைப்பிதழ் கொடுத்தோரும் உண்டு. இப்பத்தாண்டு மலரில் அவர்கள் பெயரும் இடம்பெறுதல் வேண்டும் என்று வேண்டி, இவ்வுரை நிறைவுறுகிறது.