எங்கள் பிள்ளைகளுக்கும் ஊரில் ஓர் இடம்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்பக் கருத்தரங்கில், பெற்றோர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஆட்டிசம் என்னும் நிலையோடு பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் நாங்கள். தமிழில் இதனை 'மன இறுக்கம்' என்று எழுதுகின்றனர். ஆயினும் மனம் இறுகிப் போவதால் வருவதன்று இது. மூளையின் வளர்ச்சியிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. சிலருக்குப் பேச்சு தாமதமாகும். சிலருக்கு வராமலே போகும். சிலர் ஒலிபெருக்கிச் சத்தம் தாளாமல் காதைப் பொத்திக்கொள்வர். சிலர் ஒரே செயலை ஓயாது செய்துகொண்டிருப்பர். தாயின் பாசக் குறைவே இதற்குக் காரணமென்று ஒரு காலத்தில் மேனாட்டு வல்லுநர் சிலரும் சொல்லிவந்தனர். அது பிழையென்று பின்னர் தெளிவாயிற்று. ஆதலால், "வளர்த்த விதம் சரியில்லை" என்ற சொல்லை இனி எந்தத் தாயின் காதிலும் விழச் செய்யாதீர்கள் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள்.

இந்நிலைக்கு மருத்துவ நூலில் இடம் கிடைத்தது 1943-இல். அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய டாக்டர் லியோ கானர் 11 சிறுவர் சிறுமியரைப் பற்றி எழுதினார். அவர்களில் முதலாவதாகக் குறிக்கப்பட்டவர் டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933-இல் பிறந்தவர். நான்கு வயது நிரம்பும் முன்பே மருத்துவரின் ஆலோசனைப்படி விடுதியொன்றில் விடப்பட்டார். ஏறத்தாழ ஓராண்டுக்குப்பின் பெற்றோர் அவரை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டனர்.

1942-இல், ஊருக்குச் சற்றுத் தொலைவில் பண்ணையில் வாழ்ந்த ஓர் உழவர் தம்பதியரிடம் சிறுவன் ஒப்படைக்கப்பட்டான். அவர்கள் படித்த வல்லுநர் அல்லர். ஆனால் அவர்கள் செய்ததைக் கேளுங்கள். பையன் எதையும் அளந்துகொண்டே இருந்தான். கிணறு தோண்டச் சொல்லி, அதன் ஆழத்தை அளந்து கூறும் வேலையை அவனிடமே தந்தனர். ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தான், சோள வரிசைகளை எண்ணியபடியே உழுவதற்குப் பழக்கினர். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கி வந்தான். அவற்றைப் புதைக்க ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தனர். அருகிலிருந்த நாட்டுப்புறப் பள்ளியும் அவனை அவன் போக்கோடே ஏற்றுக்கொண்டது. பின்னர் டொனால்ட் கல்லூரியில் பயின்று 1958-இல் பட்டம் பெற்றார், ஊர் வங்கியில் பல பத்தாண்டுகள் பணிபுரிந்தார், கார் ஓட்டினார், தனியாகவே வெளிநாடுகளுக்குப் பயணம் போனார். 2023-இல் தமது 89-ஆம் வயதில் அந்த ஊரிலேயே காலமானார்.

அவர் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. அந்த வங்கியும் தாய்வழி உறவினர் பொறுப்பில் இருந்தது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. எல்லாப் பிள்ளைகளும் பட்டம் பெறுவார்கள் என்றும் நாங்கள் கூறவில்லை. சிலருக்கு வாழ்நாள் முழுவதும் துணை வேண்டியிருக்கும். எனினும் கிணற்றையும் சோள வரிசையையும் கொடுக்கப் பணம் தேவைப்படவில்லை. பிள்ளையிடம் இருப்பது இன்னதென்று கூர்ந்து பார்க்கும் கண்ணே தேவைப்பட்டது.

நம் நாட்டிலும் சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. 40 விழுக்காட்டிற்குக் குறையாமல் பாதிப்பு உண்டெனச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. அரசுப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய 4 விழுக்காட்டில், 1 விழுக்காடு ஆட்டிசம் உள்ளோர், அறிவுத்திறன் குறைபாடு உள்ளோர் முதலிய பிரிவினருக்குரியது. 18 வயது நிரம்பியபின் சட்டபூர்வக் காப்பாளர் தேவைப்படுவோர், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். இவற்றை அறியாத குடும்பங்கள் இன்னும் பல. அறிந்தவர்கள் அறியாதவர்களை அழைத்துச் சென்று சான்றிதழ் வாங்கித் தருவதும் பெரிய உதவியே.

ஆனால் திறந்த கதவின் உட்புறம் நிற்பவர்கள் நீங்கள். எங்களில் ஒருவர் பிள்ளையை ஒரு பள்ளிக்கு அழைத்துப் போனபோது, "மற்றப் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டனர்.

ஆசிரியப் பெருமக்களே, சத்தம் குறைந்த ஓரிடத்தில் எங்கள் பிள்ளையை உட்கார வையுங்கள். அன்றன்றைய வேலை ஒழுங்கைப் படமாக எழுதிக் காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சொல் மட்டும் சொல்லுங்கள். மணி மாறினாலும் வகுப்பு மாறினாலும் முன்கூட்டியே தெரிவியுங்கள். பக்கத்தில் ஒரு நல்ல தோழனை அமர்த்துங்கள்.

கடையும் அச்சகமும் தொழிற்கூடமும் நடத்தும் பெரியோர்களே, இரக்கப்பட்டு வேலை தர வேண்டாம். பொருளைப் பிரித்து அடுக்குவதிலும், கணக்கைச் சரிபார்ப்பதிலும், பொட்டலம் கட்டுவதிலும் சலிப்பின்றி உழைப்போர் இவர்களில் உண்டு. சில நாள் பார்த்து, பொருந்துமானால் வையுங்கள். வேலையைப் படிப்படியாக எழுதிக் கொடுங்கள். சந்தேகம் கேட்க ஒருவரைக் காட்டிவிடுங்கள். உழைப்புக்கேற்ற கூலியைத் தாருங்கள்.

அண்டை வீட்டாரே, ஒரு மணி நேரம் எங்கள் பிள்ளையோடு இருங்கள். உறவினர் திருமணத்திற்குப் போய்ப் பல ஆண்டுகளான தாய்மார் எங்களிடையே இருக்கின்றனர்.

இரவில் பிள்ளை உறங்கியபின் எங்கள் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றே: "நமக்குப்பின் இவனுக்கு யார்?" இதற்குச் சட்டமோ மருத்துவமோ மட்டும் விடை தந்துவிட முடியாது. அவன் பெயரை அறிந்த ஆசிரியரும், அவன் வேலையை அறிந்த முதலாளியும், அவன் போக்கை அறிந்த தெருவும் இருக்குமானால், நாங்கள் நிம்மதியாகக் கண்மூடுவோம்.