திரும்பாத பாய்க்கப்பல்

தீவுக்குத் தீவு பாய் விரித்துச் செல்லும் உல்லாசப் பயணத்தில் இன்பம் பயணிகளுக்குரியது. ஆபத்து வந்தால் அது மாலுமிகளுக்குரியதாகிறது. 1927இல் கட்டப்பெற்ற ‘ஃபாண்டோம்’ என்னும் நான்கு பாய்மரக் கப்பல், 1998 அக்டோபரில் கரிபியன் கடலிலுள்ள ஹொண்டுராஸ் தீவுகளைச் சுற்றிக்காட்டப் புறப்பட்டது. ‘மிட்ச்’ என்னும் பெரும்புயல் நெருங்கவே, பயணிகளும் மாலுமிகள் சிலரும் பெலீஸ் நகரில் இறக்கப்பட்டனர். புயலை விலகிச் சென்று கப்பலைக் காக்கும் பொருட்டுத் தலைவர் உட்பட 31 பேர் மீண்டும் கடலேறினர். ரோவட்டான் தீவின் மறைவில் ஒதுங்கலாமெனத் தெற்கே திரும்பினர். புயலும் தெற்கே திரும்பியது. அக்டோபர் 27 மாலைக்குப் பின்னர் கப்பலிலிருந்து செய்தி வரவில்லை. உயிர்காப்பு அங்கிகளும் மிதவைகளும் சில சிதைவுகளுமே பின்னர் அகப்பட்டன. பயணிகளின் உயிர்கள் காக்கப்பட்டன. அவர்களுக்காகப் பாய் விரித்தவர்களுள் 31 பேர் கரை காணவில்லை.