நான்கு சொற்களின் வலிமை

(சுவரெழுத்து, தட்டி எழுதும் தோழர்களிடையே நிகழ்த்திய உரை)



எழுத்து அழகாக இருக்க வேண்டுமா, கருத்து சரியாக இருக்க வேண்டுமா என்று இங்கே ஒரு தோழர் கேட்டார். அதற்கு விடையாக ஒரு வேலைநிறுத்தத்தின் கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் தென்பகுதியில், டென்னஸி மாநிலத்தில் மெம்பிஸ் என்றொரு நகரம். அந்நகரின் குப்பையை அள்ளியவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். ஓட்டைத் தொட்டிகளைத் தலையிலும் தோளிலும் சுமந்தார்கள். அழுக்கு நீர் மேலெல்லாம் வழிந்தது. முழுநேரம் உழைத்தும், சர்க்கார் உதவிப்பணம் பெறும் நிலையில் பலரை வைத்திருந்தது அவர்கள் வாங்கிய கூலி!

1968 பிப்ரவரி 1ஆம் நாள் நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்னும் இருவர் குப்பை லாரியின் பின்புறத்தில் ஒதுங்கினார்கள். குப்பையை நசுக்கும் பழுதடைந்த இயந்திரம் திடீரென இயங்கியது. இருவரும் நசுங்கி மாண்டார்கள். பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சங்கத்தை அங்கீகரி, கூலியை உயர்த்து, உயிருக்குப் பாதுகாப்பு கொடு என்றார்கள். மேயர் ஹென்றி லோப் முடியாது என்றார். பிப்ரவரி 23 அன்று ஊர்வலம் போனவர்களின் முகத்தில் போலீசார் கண்ணெரிக்கும் மருந்தைப் பீய்ச்சினார்கள்.

இப்போது எழுத்துக்கு வருவோம். அந்த ஊரில் பேரன் எடுத்த கறுப்பினத்தவரையும் வெள்ளையர் 'பையா' என்றே அழைத்தார்கள். நரைத்த தலை உழவனை 'அடே பயலே' என்று பண்ணையார் கூப்பிட்ட கொடுமையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிளேபார்ன் தேவாலயம் வேலைநிறுத்தக்காரர்களின் பாசறையாக இருந்தது. அங்கிருந்த அச்சுப்பொறியில் ஊர்வல அட்டைகள் அச்சாயின. வெள்ளை அட்டை, தடித்த கறுப்பு எழுத்து, படமில்லை, பூவேலையில்லை. 'ஐ ஆம் எ மேன்' - 'நான் மனிதன்'. ஆங்கிலத்தில் நான்கே சொற்கள். அதில் 'ஆம்' என்ற சொல்லின் கீழ் மட்டும் ஒரு கோடு! 'நான் மனிதனே' என்று நாம் ஏகாரம் போட்டு அழுத்திச் சொல்வதை அந்த ஒரு கோடு சொல்லிவிட்டது.

இன்னொன்றையும் பாருங்கள். 1787இல் இங்கிலாந்தில் அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்களுக்காக வெட்ஜ்வுட் ஒரு பதக்கம் வெளியிட்டார். விலங்கிட்ட கைகளைக் கூப்பி ஓர் அடிமை மண்டியிட்டிருப்பான். 'நான் மனிதன் இல்லையா, சகோதரன் இல்லையா?' என்று கேட்பான். நல்லெண்ணம்தான்; ஆனால் அது கெஞ்சும் கேள்வி. 1968இல் கேள்விக்குறியும் போயிற்று, மண்டியிட்ட உருவமும் போயிற்று. மனிதன் நிமிர்ந்து நின்றான். அட்டை அவன் மார்பில் இருந்தது. படம் எதற்கு? அவனே படம்!

மார்ச் 28இல் மார்ட்டின் லூதர் கிங் முன்னின்ற ஊர்வலத்தில் அந்த அட்டைகள் எங்கும் தெரிந்தன. அன்று போலீசார் லாரி பெய்ன் என்ற 16 வயது இளைஞனைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள், துப்பாக்கிமுனைக் கத்திகளை நீட்டி நின்ற பட்டாளத்தைக் கடந்து அதே அட்டைகளோடு தொழிலாளர்கள் வரிசையாக நடந்தார்கள். ஏப்ரல் 4இல் கிங் அதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். வேலைநிறுத்தம் உடையவில்லை. ஏப்ரல் 16இல் நகராட்சி பணிந்தது. சங்கம் அங்கீகரிக்கப்பட்டது, கூலி உயர்ந்தது.

அட்டையா வென்றது? இல்லை தோழர்களே, வென்றது தொழிலாளரின் ஒற்றுமை. ஆனால் அந்த ஒற்றுமை என்ன சொல்கிறது என்பதைத் தெருவின் அந்தக் கோடியில் நிற்பவனும் படிக்கும்படி எழுத்து செய்தது. கருத்து சரியாக இருந்ததால்தான் நான்கு சொற்கள் போதுமாயின. எழுத்து தெளிவாக இருந்ததால்தான் அந்தக் கருத்து ஊரைக் கடந்து உலகை எட்டியது.

அந்தத் தேவாலயம் 2025 ஏப்ரலில் தீக்கிரையாயிற்று. எழுத்து எரியவில்லை. ஆகவே, நாளை தூரிகையை எடுக்கும்போது முதலில் இதைக் கேளுங்கள்: இந்தச் சுவரைப் பார்க்கும் உழைப்பாளி, 'இது என் பேச்சு' என்பானா? என்பான் என்றால், பிறகு வண்ணத்தைக் குழையுங்கள்!